அடியில் நிற்காத மீன்

கொழுந்தன் அத்தியா கடலிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் மீனின் வால் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு காய்ந்துபோயிருந்தது. தலை கீழே, வால் மேலே. அடிக்குப் போகத் துடுப்புகளை அடித்து அடித்துப் பார்த்தது. ஒரு சாண் இறங்கும், களைத்து நிறுத்தும், மறுபடி மேலே வந்து கண்ணாடித் தொட்டியின் மூடியில் முட்டும். ஜித்தாவின் மதிய வெயிலுக்குச் சன்னல்களெல்லாம் அடைத்துக் கிடந்த வீட்டில், ஏசியின் உறுமலையும் தொட்டிப் பம்பின் கொப்பளிப்பையும் மீறி, அந்த முட்டும் சத்தம் சமையலறைவரை கேட்டது. ரிஹாப் கேட்டுக்கொண்டே இருந்தாள். எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

அவளுக்கு எதுவும் தோன்றாமல் போய் இரண்டு மாதம் ஆகிறது. தொட்டிக்கு மீன் பிடிக்க முங்கிய அவள் கணவன் ஹம்தான், ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் உடம்புக்குள் காற்று ஊதிப் படகிலேயே செத்துப்போனான். அன்றிலிருந்து அவளுக்கு இத்தா, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் காலம், வாசற்படி தாண்ட முடியாது. அழுகையும் வரவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, அவளுக்கும் சேர்த்துத் தாங்களே அழுது, பால்சோற்றுச் சட்டிகளை வைத்துவிட்டுப் போனார்கள். மகள் லுஜைனுக்கு ஆறு வயது. வாப்பாவை அடக்கம் செய்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, சரியாகத் தின்பதும் இல்லை. இந்தப் பிள்ளையும் கையை விட்டுப் போய்விடுமோ என்ற ஒரு பயம் மட்டும்தான் ரிஹாபுக்குள் உயிரோடு மிச்சமிருந்தது. கொழுந்தன் அத்தியா மீனைக் கொண்டுவந்த அன்றுதான் லுஜைன் கட்டிலை விட்டு எழுந்து வந்து தொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். ஆகவே மீன் சாகக்கூடாது.

பிற்பகல் அஸர் தொழுகை முடித்துவிட்டு அத்தியா வந்தான். இத்தாவில் இருப்பவள் முன்னால் வரக்கூடாது என்று பாதி திறந்த கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான்.

“மதினி, கூடைக்குள்ள மீனை விட்டு, கல்லைக் கட்டி அடியில எறக்கச் சொன்னேனே, செஞ்சீங்களா?”

“செஞ்சேன். காலையில பாத்தா கூடையோட மேல நிக்குது. எடுத்து விட்டுட்டேன்.”

“கல்லோடயா?”

“கல்லோடதான்.”

ரிஹாப் கதவுக்குப் பக்கத்தில் வந்து கேட்டாள்.

“ஒங்க அண்ணன் பாதி ஆழத்துல கூடையத் தொங்கவிட்டு, ராத்திரி பூரா வச்சிருந்துதானே மேல தூக்குவாரு? நீ என்ன பண்ணுன?”

“ஒரே மூச்சுல தூக்கிட்டேன். அண்ணன் போன எடம் மதினி, அங்க நிக்க மனசு வரல. அங்க போயிருக்கவே கூடாது. புள்ள சிரிக்கும்னு ஒரு ஆசை, புத்தி கெட்டுப்போச்சு.” அவன் மூக்கை உறிஞ்சினான். “உள்ள காத்து ஊதிருக்கு. ஊசியாலதான் எடுக்கணும். ஈரத்துணியில புடிச்சுக்கங்க. பக்கத் துடுப்புக்குப் பின்னால ஒரு செதிலத் தூக்கி, சாய்வா ஏத்துங்க. நேரா குத்திராதீங்க, குடல் கிழிஞ்சிரும். கை நடுங்கக்கூடாது.”

“என் கை நடுங்காது” என்றாள் ரிஹாப். உண்மைதான்.

கதவிடுக்கு வழியாகத் துளையுள்ள ஊசியை நீட்டிவிட்டு அவன் போய்விட்டான். ரிஹாப் கதவைச் சாத்தும்போது அது என்றைக்கும் இல்லாத கனமாக இருந்தது. இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. விமானம் இறங்கும்போது அடைக்குமே, அப்படி. எச்சிலை விழுங்கினாள். திறக்கவில்லை.

தொட்டி முன்னால் லுஜைன் மேசைக்காலை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த மெத்தை அமுங்கவே இல்லை. கொஞ்சம் தள்ளி உட்கார வைக்கலாம் என்று ரிஹாப் தூக்கினாள். பிள்ளை துவைத்துக் காய்ந்த சட்டைபோல் கையோடு வந்தாள். தின்னாத பிள்ளைக்கு எடை எங்கிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் நினைக்கவில்லை. இறக்கி விட்டதும் லுஜைன் அவசரமாக மேசைக்காலைத் திரும்பப் பிடித்தாள்.

மீன் துணிக்குள் அடங்கி நின்றது. தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பிடித்து, நகத்தால் செதிலை நெம்பி, ஊசியைச் சாய்வாக ஏற்றினாள். லேசான தடை. அப்புறம் தடை இல்லை. ஒரு குமிழி வந்தது. இன்னொன்று. பிறகு சரம் சரமாக, விடாமல், இந்த விரலளவு மீனுக்குள் இவ்வளவு காற்று எப்படி என்று கேட்கத் தோன்றும் அளவுக்கு வந்துகொண்டே இருந்தது. அறையில் ஈர ரப்பரும் உப்பும் கலந்த வாடை எழுந்தது. ஹம்தானின் முங்குச் சட்டை வாடை. அந்தச் சட்டையை அவன் உடம்பிலிருந்து அறுத்து எடுத்து அன்றைக்கே எறிந்துவிட்டார்கள்.

குமிழி நின்றது. துணியை விலக்கினாள். மீன் மெல்ல மெல்ல இறங்கி, மணலுக்கு ஒரு விரல் மேலே, நேராக நின்றது. நீந்தியது.

“லுஜைன், பாரு. சரியாயிருச்சு.”

மேசைக்கால் அருகே யாரும் இல்லை.

செருப்பு இரண்டும் தரையில் இருந்தன. கதவு சாத்தியிருந்தது. சன்னல் அடைத்திருந்தது. காதுக்குள் தண்ணீரின் இரைச்சல். கட்டிலுக்கடியில் பார்த்தாள். இல்லை. குளியலறை. இல்லை.

மேலே பார்த்தாள்.

பிள்ளை கூரையோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். கால் மேலே. தலை கீழே. கவுன் ஊதிய வயிற்றின்மேல் தெறிக்கிற மாதிரி இறுகியிருந்தது. கைகளை அடித்தாள், ஒரு சாண் இறங்கினாள், களைத்தாள், மறுபடி மேலே போனாள். வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

“உம்மா” என்றாள் லுஜைன். “எனக்கும் எடு.”

இரண்டு மாதம் கழித்துக் கேட்கிற குரல். ரிஹாபுக்குச் சந்தோஷமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஏறினாள். ஈரத்துணியால் பிள்ளையைச் சுற்றிப் பிடித்தாள்.

“அசையக்கூடாது கண்ணு.”

விலா எலும்புக்குக் கீழே, மெத்தென்ற இடத்தை விரலால் தேடினாள். கை நடுங்கவில்லை.