ஒரு வரி மட்டும் சுத்தம்

போன் அடித்தது.

மாரிசெல்வி எடுக்கவில்லை. திரையில் உலகம்மாள் என்ற பெயர். வள்ளியூரிலிருந்து காலை முதல் ஆறாவது தடவை.

ஏழாவது தடவை எடுத்தாள்.

"மாரி... அவியள விட்டுட்டாவளா?"

"இன்னும் இல்ல மதினி."

"நம்ம ஊர்ப்புள்ள ஒருத்தி அங்க வேலை பாக்கான்னு தைரியமா இருந்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

உங்கள் புருஷனைப் பிடித்துக் கொடுத்ததே நான்தான் என்று எந்த வாயால் சொல்வாள்?

நேற்றுக் காலை பத்தே முக்கால் மணி இருக்கும். ஒரகடத்தில் காருக்குத் தகடு அடிக்கும் அந்தத் தொழிற்சாலையில், நாலாம் நம்பர் பிரஸ் மெஷின் அதை ஓட்டும் எல்லப்பன்மீதே இறங்கியது. சிக்கிய தகட்டை எடுக்க உள்ளே குனிந்த மனிதர் நிமிரவே இல்லை.

ஆள் உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தத்தானே சென்சார்? அது ஏன் நிறுத்தவில்லை...?

பதில் டேட்டாபேஸில் இருந்தாக வேண்டும். சீனத்து மெஷின் அது. தனக்கு நடப்பதையெல்லாம் உடனுக்குடன் சீன மொழியில் எழுதி அனுப்பிவிடும். ஆனால் டேட்டாபேஸில் வந்து விழுவது சீனம் இல்லை. æœºå™¨ என்று கொம்பும் வாலும் முளைத்த குப்பை!

மூன்று வருஷமாக இதே கதைதான். கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் மாரிசெல்வி, சரி செய்கிறேன் என்று நாலு தடவை கேட்டாயிற்று.

"மெஷின் ஓடுதுல்ல? எழுத்து எப்படி இருந்தா இன்னா?"

நாலு தடவையும் பிளான்ட் மேனேஜர் வெங்கடேசன் சொன்ன பதில் இது.

நேற்று மாலை அந்தக் குப்பையைக் கிளறியபோது ஒரே ஒரு வரி மட்டும் பளிச்சென்று சீனத்தில் நின்றது. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தாள்.

'10.42. பாதுகாப்பு சென்சார் கையால் அணைக்கப்பட்டது. ஐடி 217.'

217, மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் நம்பிராஜன், உலகம்மாளின் புருஷன். அவள் வேலைக்கு வந்த புதிதில் இருங்காட்டுக்கோட்டையில் அலைந்து ரூம் பார்த்துக் கொடுத்தவர்.

தயங்கித் தயங்கித்தான் பிரிண்ட் எடுத்தாள். இன்ஸ்பெக்டர் நரசிம்மன் தயங்காமல் வாங்கிக்கொண்டார்.

இப்போது மணி ஒன்று. வெளியே ஜீப். நம்பிராஜனை மெஷின் முன்னால் நிறுத்தி மகஜர் எழுதி முடித்துவிட்டார்கள். மூன்று மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டு. அப்புறம் ஜெயில்!

மாரிசெல்வி ஜீப்பை நெருங்கினாள்.

"அண்ணாச்சி... நெசமாச் சொல்லுங்க. சென்சார நீங்க அணைச்சியளா?"

நம்பிராஜன் நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"எல்லப்பனும் நானும் ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்புடுதோம் மாரி. அவன் உள்ள நிக்கையில நான் அணைப்பேனா? சென்சார் ரிப்பேரு. மெஷின் தானா நின்னுட்டு. புதுசு எடுக்க ஸ்டோருக்குப் போனேன். வந்து பாத்தா..."

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜீப்புக்கு வெளியே நின்ற நரசிம்மன் வாட்ச்சைப் பார்த்தார்.

"அந்த மெஷின் எழுதினத நீதானமா குடுத்த? இப்போ இன்னா டவுட்டு?"

"ஒரு வரிதான் சார் படிச்சேன். பாக்கி நானூறு வரி கெடக்கு. அரை மணி நேரம் குடுங்க."

"மேனேஜர் டீ சொல்லிக்கீறாரு. டீ முடியற வரைக்கும்தான் டைம்."

ஓடினாள்.

நோய் இன்னதென்று அவளுக்கு எப்போதோ தெரியும். மெஷின் எழுத்தை அனுப்புவது யூடிஎஃப்-8 என்ற முறையில். வாங்கும் இடத்தில் செட்டிங் லத்தீன்-1. சீனத்தின் ஒவ்வொரு எழுத்தும் மூன்று துண்டாக உடைந்து, துண்டுக்கொரு ஐரோப்பிய எழுத்தாக வேஷம் போட்டுக்கொள்ளும். துண்டுகள் தொலையவில்லை. போன வழியே திருப்பி நடத்தினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

எல்லா வரிகளையும் தனியாக ஒரு காப்பி எடுத்தாள். கட்டளையை அடித்தாள். தட்டினாள்.

திரை முழுக்கச் சீனம்! நானூறு வரியும் நிமிர்ந்து உட்கார்ந்தன.

ஒன்றைத் தவிர.

10.42. அந்த வரி மட்டும் '????????' என்று செத்துக் கிடந்தது.

இருந்த ஒரே சாட்சியையும் கெடுத்துவிட்டோமா? இல்லை, இது காப்பிதான். அசல் பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் எல்லோரையும் பிழைக்க வைத்த மருந்து இவனை மட்டும் ஏன் கொன்றது...?

புரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் இருந்த வரிகளையும் மொழிபெயர்த்து, பிரிண்டரிலிருந்து தாளை உருவிக்கொண்டு நடந்தாள்.

மேனேஜர் கேபின். நரசிம்மன் கடைசி மடக்கைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நேத்து நான் குடுத்த வரி மெஷின் எழுதினது இல்ல."

வெங்கடேசன் கோப்பையை வைத்தார். "இன்னாமா உளர்ற?"

"காய்ச்சல் மருந்து எல்லாருக்கும் குடுத்தேன் சார். காய்ச்சல் இருந்தவனெல்லாம் எந்திரிச்சுட்டான். இவன் மட்டும் படுத்துட்டான்."

நரசிம்மன் நெற்றியைச் சுருக்கினார். "அப்போ இவனுக்குக் காய்ச்சலே இல்லன்றியா?"

"ஆமா சார். மெஷின்லேருந்து வந்த ஒரு எழுத்துகூட மூணு வருஷமா உடையாம வந்தது கெடையாது. சரி பண்ணுதேன்னு மேனேஜர் சார்கிட்ட நாலு தடவ கேட்டாச்சு. இது மட்டும் எப்படி உடையாம வரும்? யாரோ கம்ப்யூட்டர்ல உக்காந்து நேரா உள்ள எழுதியிருக்காவ."

"சார், அவன் இவ ஊர்க்காரன்," என்றார் வெங்கடேசன். "காப்பாத்தப் பாக்கறா. கேஸ முடிங்க சார்."

"இருங்க," என்றார் நரசிம்மன். "டேட்டாபேஸ் பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் மேனேஜர் சாருக்கும்."

"சீனம் யாருக்குத் தெரியும்?"

"சார்தான் மெஷின் வாங்க அங்க போயி ஆறு மாசம் இருந்துட்டு வந்தாவ. மெஷின் மேனுவலும் சார் அலமாரியிலதான் இருக்கு."

மாரிசெல்வி தாளை நீட்டினாள். நரசிம்மன் வாய்விட்டுப் படித்தார்.

"10.39. சென்சார் பழுது. மெஷின் நின்றது... 10.43. மேனேஜர் கேபின் ஸ்கிரீனிலிருந்து சென்சார் தவிர்க்கப்பட்டது. மெஷின் மறுபடி இயங்குகிறது. ஐடி 004."

எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்தார். வெங்கடேசன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை ஒரு விரலால் திருப்பினார்.

004.

"லோடு ஏத்த லாரி நின்னுகினு இருந்திச்சி சார்..." வெங்கடேசனின் குரல் உடைந்தது. "மெஷின் சும்மா சும்மா நிக்கும். தெனம் இங்கேர்ந்துதான் தட்டி வுடுவேன். ஒண்ணும் ஆனதில்ல. அவன் உள்ள குனிஞ்சிருந்தது எனக்குத் தெரியாது சார்."

"தெரியாம செஞ்சது சரி. அடுத்தவன் நம்பரப் போட்டு எழுதினியே, அது?"

வெங்கடேசன் அட்டையைச் சட்டைக்குள் தள்ளினார்.

"பொய் வரி எழுதத் தெரிஞ்சவனுக்கு, உன் சொந்த வரிய அழிக்கத் தெரியலயா?"

வெங்கடேசன் தலை தொங்கியது.

"நானூறு வரி குப்பை சார்... அதுல எது என்னுதுன்னு எனக்கே தெரியல."

மாரிசெல்வி வெளியே வந்தாள். ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. படிக்க முடிந்த ஒரு வரியை நம்பி ஒரு நல்ல மனிதரை ஜீப்பில் ஏற்றிவிட்டோமே என்ற வெட்கம்தான் இருந்தது. எல்லப்பனோ திரும்பி வரப்போவதில்லை. போனை எடுத்தாள்.

"மதினி... அண்ணாச்சிய விட்டுருவாவ. ஆனா அவியளப் பிடிச்சிக் குடுத்தது நான்தான். நேர்ல வந்து சொல்லுதேன்."

பின்னால் நரசிம்மன் வெங்கடேசனைத் தோளைப் பிடித்து நடத்திவந்தார்.

"நாலு தபா கேட்டிச்சாமே இந்தப் பொண்ணு? ஒரு தபா சரி பண்ண வுட்டிருந்தா, உன் வரிய நீயே படிச்சி அழிச்சிட்டுப் போயிருப்ப. வண்டில ஏறு. எங்க ஸ்டேஷன்ல ரைட்டர் இன்னும் கையாலதான் எழுதறாரு... ஒரு எழுத்து உடையாது!"