ஓடைக்குள் தட்டுபவன்

படகுத்துறைக்காரர் இரண்டு பேர் உட்காரும் மஞ்சள் கயாக் படகை நிமிர்த்தினார். அதற்குள் வாடகை கொடுக்காமல் குடியிருந்த நண்டை விரட்டிவிட்டு, "வெயில் சாயறதுக்குள்ள வந்துடுங்க. தண்ணி இறங்கிட்டா ஓடையெல்லாம் வெறும் சேறு. காலை வெச்சா இடுப்பு வரைக்கும் இழுத்துக்கும்" என்றார்.

அக்காக்காரி தலையாட்டினாள். அவள் நர்ஸ். எத்தனையோ பேரின் கண்களை மூடிவிட்டவள். சொந்தத் தம்பியின் கண்களை மூடத்தான் அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. போன வருடம் இதே துறையிலிருந்து அவள் வீட்டுக்காரரும் தம்பியும் ஆளுக்கொரு கயாக்கில் போனார்கள். வீட்டுக்காரர் மட்டும் திரும்பி வந்தார். ஆறு கடலில் சேரும் இடத்தில் அலை அவனைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கடலைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

அன்று அவளைத் தாங்கிப் பிடித்தவர் அவர்தான். அவர் மட்டும் இல்லையென்றால் நானும் போயிருப்பேன் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கடைசியாக இருந்த இடத்தையாவது பார்க்க வேண்டும் என்று மாதக்கணக்கில் கெஞ்சி, இன்றுதான் அவரைக் கிளப்பியிருந்தாள்.

அவள் முன்னால், அவர் பின்னால். ஆறு அகன்றது. இரு கரையிலும் அலையாத்தி மரங்கள் வேர்களைச் சேற்றில் ஊன்றி நின்றன. அழுகிய இலை வாடை மூக்கைத் துளைத்தது. திரும்பிய பக்கமெல்லாம் ஓடைகள் பிரிந்தன.

இந்தக் காட்டில் கயாக் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வளைவுகளில் முன்னால் போகிறவரைப் பார்க்க முடியாது. கூப்பிட்டால் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று தெரியாது. அதனால் பின்னால் வருகிறவர் துடுப்புக் காம்பால் படகை இரண்டு முறை தட்டுவார்: நான் இங்கே இருக்கிறேன். முன்னால் போகிறவர் பதிலுக்கு இரண்டு முறை தட்டுவார்: நிற்கிறேன், வா. பதில் தட்டாமல் யாரும் நகரக் கூடாது. இதைச் சமையலறை மேடையில் கரண்டியால் தட்டித் தட்டி அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே தம்பிதான். கரண்டி வளைந்ததற்கு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வலது பக்கம் ஒரு குறுகிய ஓடை வந்தது. அதன் வாயைத் தாண்டும்போது பறவைச் சத்தம் நின்றது.

டக். டக்.

உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்தாள். கேட்க வாயெடுப்பதற்குள் அவள் முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

டக். டக்.

வீட்டுக்காரர் பதில் தட்டியிருந்தார். கை முந்திக்கொண்டது. வாயாக இருந்திருந்தால் ஒரு வருடமாகப் பழகிய கதையைச் சொல்லிச் சமாளித்திருக்கும்.

"உள்ள யாருங்க?"

"யாருமில்ல. துடுப்பை வேகமா போடு."

"யாருமில்லாததுக்கா பதில் தட்டினீங்க?"

டக். டக்.

முதல் தட்டு மெதுவாக, இரண்டாவது ஓங்கி. சமையலறையில் கேட்ட அதே தட்டு.

"அவன் கடல்லதானே போனான்?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் கிசுகிசுத்தார். "தண்ணி இறங்கிட்டு இருந்துச்சு. அவன் படகு இந்த ஓடைச் சேத்துல மாட்டிக்கிச்சு. நானும் மாட்டிப்பேன்னு பயந்துட்டேன். ஆள் கூட்டிட்டு வரலாம்னுதான் போனேன்."

"கூட்டிட்டு வந்தீங்களா?"

"ஏன் விட்டுட்டு வந்தேன்னு கேப்பாங்களே... கடல்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் மாத்த முடியல."

"அப்ப அவன் உயிரோட இருந்தான்."



"வளைவு தாண்டுற வரைக்கும் தட்டிட்டே இருந்தான். நான் பதில் தட்டல."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று ஊரில் சொல்வார்கள். ஊரார் கதைகளில் கேட்டு உச்சுக்கொட்டியிருக்கிறாள். இவர் தோளில் சாய்ந்து கடலையே பார்த்துக்கொண்டு நின்ற நாட்களில், தம்பி இங்கே சேற்றில் கிடந்து தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

தட்டல் நின்றது.

படகின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. அவள் உட்கார்ந்திருந்த முனை தண்ணீரை விட்டு எழும்பியது.

அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்காரர் குனிந்து அழுதுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், படகின் வாலை இரண்டு கைகள் பற்றியிருந்தன. முழங்கை வரை சேறு. ஒரு கை விட்டது. முன்னால் நகர்ந்தது. அவருடைய இருக்கையின் விளிம்பைப் பிடித்தது.

அவள் பிடித்து நடை பழக்கிய விரல்கள் அவளுக்குத் தெரியாதா?

"என்ன பாக்கிற?" என்றார் அவர்.

இத்தனை வருடத்தில் அவரிடம் அவள் எதையும் மறைத்ததில்லை.

"ஒண்ணுமில்லங்க."

முன்னால் திரும்பிக்கொண்டாள். படகின் மூக்கை வலது ஓடைக்குத் திருப்பினாள்.

"எங்க போற? தண்ணி இறங்குது!"

"என் தம்பியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். துடுப்பு போடுங்க."

"படகு ஏன் இப்படிக் கனக்குது? ஏய்... எனக்குப் பின்னால என்ன?"

அவள் துடுப்பை இன்னும் ஆழமாக இழுத்தாள்.

ஏதோ கனமாகத் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் அவருடைய துடுப்பு அவளுக்குப் பக்கத்தில் தனியாக மிதந்து போனது.

அவள் திரும்பவில்லை. கைகளை நிறுத்தவும் இல்லை. பின் இருக்கையிலிருந்து, அவளுடைய வீச்சுக்கு வீச்சு, யாரோ துடுப்புப் போட்டுக்கொண்டே வந்தார்கள்.