பதினேழாம் ஓடை

மதியம் மூன்று மணி வெயிலில் ஓடைகள் நன்றாக மூச்சு விட வேண்டும். பாசி வெயிலைக் குடித்துத் தண்ணீருக்குள் ஆக்ஸிஜனை விடும். திரையில் எல்லா ஓடைகளின் ஆக்ஸிஜன் கோடுகளும் மேலே ஏறும். பதினேழாம் ஓடையின் கோடு மட்டும் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

மூன்று வாரத்துக்கு முன் இப்படி முதல் பூஜ்யம் வந்தபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. முனைவர் பட்டம் வாங்கி மூன்று வருடமாகியும் இந்த ஜன்னலில்லாத அடித்தள அறையில் உட்கார்ந்து, முப்பத்தொரு ஓடைகளும் அவை சேரும் ஆறும் எப்படி உயிர் வாழ்கின்றன என்று கணினியில் மாதிரி கட்டிக்கொண்டிருந்தாள். மேஜைக்கடியில் ஒரு வாளி; கருவிகளைச் சோதிக்கக் குழாய்த் தண்ணீர், அதில் எப்போதும் ஒரு கருவியும் குமிழி விடும் சின்ன மோட்டாரும். நாள் முழுக்க அந்தக் களகளச் சத்தம்தான் துணை. வெள்ளிக்கிழமைக்குள் மாதிரி ஓடாவிட்டால் வேலை போய்விடும்.

"ஒரு ஓட்டைக் கருவிக்காக என் ப்ராஜெக்ட்ட நிறுத்துவியா? காலி இடத்த நிரப்பிட்டுப் போய்க்கிட்டே இரு!" என்று பேராசிரியர் எல்லார் எதிரிலும் கத்தியிருந்தார்.

நிரப்பினாள். எந்த ஓடை பூஜ்யம் காட்டினாலும் அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் கழித்து மற்ற ஓடைகளின் சராசரியைப் போட்டுப் பச்சையாக்க ஒரு நிரல் எழுதினாள். எச்சரிக்கை மணியும் அத்தோடு அடங்கியது. மூன்று வாரமாக எல்லோருக்கும் நிம்மதி.

இன்று பதினேழின் கருவியை மாற்ற ஆள் போயிருந்ததால்தான் நிரல் தொடாத அசல் அளவுகளைத் திறந்து பார்த்தாள். பூஜ்யம் பதினேழில் தொடங்கவில்லை. முதலில் ஆற்றின் முகத்துவாரத்தருகே உள்ள ஓடையில் இருந்தது. நான்கு நாள் அங்கே. பிறகு அதற்கு மேலுள்ள ஓடையில் நான்கு நாள். அது விட்டுப்போன இடமெல்லாம் மறுபடி சரியாகியிருந்தது. கழிவு கலந்தால் தண்ணீரோடு கீழேதான் போகும். இது மேலே ஏறியிருந்தது.

போனை எடுத்தாள். களப்பணியாளரை ஆய்வகமே தவளை அண்ணன் என்றுதான் கூப்பிடும். தரையில் நின்றதைவிடத் தண்ணீரில் நின்றது அதிகம்.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"உன் பதினேழுலதாம்மா. நீலக் கையுறையெல்லாம் மாட்டி மாப்பிள்ளை மாதிரி நிக்கிறேன். ஆழமே இல்ல, முழங்கால் அளவுதான். ஆனா ஒரு மீனக்கூடக் காணோம்."

"வெளிய வாங்கண்ணா. இப்பவே."

"ஏம்மா? கருவி பழுதுன்னு நீதானே சொன்ன?"

"பழுது இல்லண்ணா. நான்தான் மறச்சு..."

தண்ணீர் ஒருமுறை அறைந்தது. பிறகு யாரோ பெரிய மடக்கு விழுங்கிய சத்தம். பிறகு ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப அழைத்தாள். மணிகூட அடிக்கவில்லை.

திரையில் பதினேழாம் கோடு எழுந்தது. இரண்டு. ஐந்து. எட்டு. அது பதினேழை விட்டுப் போய்விட்டது. எங்கே? ஒவ்வொரு ஓடையாகத் தேடினாள். முப்பத்தொன்றும் நன்றாக இருந்தன. கடைசியில் இன்னொரு வரி.

முப்பத்திரண்டு. பூஜ்யம்.

முப்பத்திரண்டாம் ஓடை என்று ஒன்று இல்லை. அது வாளி.

எந்த ஆற்றோடும் சேராத வாளி.

மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குமிழிச் சத்தம் நின்றிருந்தது. அறை முழுக்கச் சேற்று வாடை. காலை இழுத்து நாற்காலியில் வைத்துக்கொண்டாள். கதவு எட்டடி தூரம். வாளி நடுவில். மூச்சு இழுத்தாள். போதவில்லை. மறுபடி இழுத்தாள்.

மேஜைக்கடியிலிருந்து குரல் வந்தது. பழகிய குரல். அன்பான குரல்.

"ஆழமே இல்லம்மா. முழங்கால் அளவுதான்."

வாளியின் விளிம்பை உள்ளிருந்து நான்கு நீல விரல்கள் பற்றின.

ஐந்தாவது நிமிடம் திரையில் முப்பத்திரண்டு பச்சைக்கு மாறியது.