வெள்ளை ஷூ, பித்தளைப் பூண்

மாடியிலிருந்து அலறல்...

அலறியது தங்கவேல். வாள் உறைக்குப் பூண் போடுவதும் பெல்ட்டுக்குப் பக்கிள் வார்ப்பதும் மயிலாப்பூரில் அவன் தொழில். 1935-இல் ஒரு மாலை, ஜமீன்தாருக்குப் புதுப் பக்கிள் கொடுக்க ஆழ்வார்பேட்டை பங்களாவுக்கு வந்தான்.

ஜமீன்தார் ரத்தத்தில் கிடந்தார்!

போன உயிரைத் திருப்பிவிடலாம் என்று நினைத்தோ என்னவோ, அவரைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டான் அந்த அசடு.

இன்ஸ்பெக்டர் கரீமுல்லா வந்தபோது அவன் சட்டையெல்லாம் ரத்தம்.

ஜமீன்தாரின் தம்பி மகன் ஸ்ரீரங்கன் கவர்னர் விருந்துக்குப் புறப்பட்ட கோலத்தில் நின்றான். பட்டுக் கோட், வெள்ளை ஷூ, இடுப்பில் உறையோடு வாள். பெரியப்பாவைக் கொன்றது தங்கவேல்தான், வேறு யாரும் மாடிக்குப் போகவில்லை என்று அடித்துச் சொன்னான்.

வீட்டையே புரட்டிப் போட்டும் ஆயுதம் அகப்படவில்லை.

"எங்கேடா ஒளிச்சு வெச்சே?" கரீமுல்லா விலங்கை எடுத்தார்.

தங்கவேல் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நான் இல்ல எஜமான்... என் பொஞ்சாதி பாஞ்சாலிக்கு இது நிறை மாசம். நான் தூக்குல தொங்கினா அவளுக்கு யாரு கீறாங்க?"

கரீமுல்லா விலங்கோடு நெருங்கினார். வேறு வழி தெரியாமல் தங்கவேல் ஸ்ரீரங்கனின் காலில் விழுந்தான்.

"சின்ன எஜமான், நீங்களாவது சொல்லுங்க..."

சொட்!

வெள்ளை ஷூவில் வெளிர் சிவப்பாய் ஒரு துளி. நேர் மேலே, உறையின் நுனியில், அவனே போட்ட பித்தளைப் பூண்.

இன்னொரு சொட்டு.

தங்கவேலின் அழுகை நின்றது.

"எஜமான்... பூண் ஒழுவுது."

"என்னடா உளர்றே?" என்றார் கரீமுல்லா.

"இங்க கடல் காத்து எஜமான். உறைக்குள்ள தண்ணி நின்னா வாள் துருப்புடிக்கும். அதுக்குத்தான் அடிப்பூண்ல ஊசி ஓட்டை வுடுவேன். அசிங்கமா கீது, வேணாம்னாரு சின்ன எஜமான். அவருக்குத் தெரியாம வுட்டுட்டேன்."

ஸ்ரீரங்கனின் கை வாள்பிடிக்குப் போனது. கரீமுல்லாவின் கை முந்திக்கொண்டது.

உருவினார். அவசரத்தில் கழுவி, துடைக்காமல் சொருகிய வாள். பிடியோரத்தில் ரத்தம்!

ஸ்ரீரங்கன் சுவரோடு சரிந்தான். தன்னை வாரிசில்லை என்று இன்றைக்கு விருந்தில் சொல்லப்போவதாகப் பெரியப்பா மிரட்டினார் என்று முனகினான்.

விலங்கு ஸ்ரீரங்கனின் கைக்கு மாறியது.

"ஓட்டை வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா..." பல்லைக் கடித்தான்.

தங்கவேல் மூக்கைச் சிந்திக்கொண்டான்.

"துரு வராதுன்னுதான் கேரண்டி குடுத்தேன் சின்ன எஜமான். தூக்கு வராதுன்னு குடுக்கலையே!"