பங்கு போட்ட மருந்து

பொழுது விடிவதற்குள் கஸ்தூரியம்மாளின் குரல் லைட்ஹவுஸ் குப்பம் முழுக்கக் கேட்டது. கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“எங்கடி ஒளிச்சி வச்சிகீறே? இந்த வூட்ல எது வந்தாலும் பங்கு போட்டுத்தான் பழக்கம்... மீனானாலும் சரி, மருந்தானாலும் சரி!”

மூத்த மருமகள் தனக்கோடி அடுப்பங்கரையில் தலைகுனிந்து நின்றாள்.

மாமியார் சொன்னதில் பொய்யில்லை. அந்த எண்பத்து நாலாம் வருஷம்வரை அப்படித்தான் நடந்தது. கெளுத்தி முள் குத்தும், வலைக்கயிறு அறுக்கும். உப்புத் தண்ணீரில் ஊறிய புண்ணில் சீழ் கோத்துக்கொள்ளும். மூன்று வருஷமாக வீட்டில் யாருக்காவது கட்டி வராத மாதமே இல்லை. ஒருவருக்கென்று டாக்டர் தந்த சிவப்பும் கறுப்புமான கேப்சூலைக் கஸ்தூரியம்மாள் தலைக்கு இரண்டாகப் பிரிப்பாள். மிஞ்சியதன் கூட்டை உடைத்துப் பொடியைப் புண்ணில் தூவுவாள். வஞ்சம் தெரியாத மனுஷி! எல்லாப் பிள்ளையும் ஒன்று என்கிற நினைப்பு. அந்த நல்ல மனசுதான் வினையாய் வந்து நின்றது.

இந்த முறை கட்டி கிளம்பியது இளையவன் சிங்காரத்தின் தொடையில். பொன்னேரிக்கு அவனை அழைத்துப் போனவள் தனக்கோடி. இருபது கேப்சூலையும் இவன் ஒருத்தனே விழுங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவளும் அவள்தான். பங்கு போட வேண்டாம் என்று எத்தனை சொல்லியும் மாமியார் கேட்கவில்லை; அதனால் ஒளித்தாள். ஐந்து நாளும் வேளை தவறாமல் கொழுந்தனுக்குக் கொடுத்தாள். ஆனாலும் ஜுரம் இறங்கவில்லை. கால் வீங்கிப் பளபளத்தது.

“ஒண்ணுகூட மிச்சமில்ல அத்தே... அத்தினியும் தம்பிக்கே குடுத்துட்டேன்.”

“இருபதுமா! அடிப்பாவி... மருந்தே விசமாயி என் புள்ள கால் இப்டி வீங்கிகீது! பங்கை மறைச்சவ இந்த வூட்ல இருக்கக் கூடாது. உன் நைனா வூட்டுக்குப் போயிடு!”

தனக்கோடி கணவனைப் பார்த்தாள். சின்னதம்பி நூல்கண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவை எதிர்த்துப் பேச அவனுக்கு என்றைக்கு வாய் வந்தது?

“போறேன் அத்தே... தம்பிய ஆஸ்பத்திரில சேத்துட்டுப் போறேன்.”

குப்பத்துக்குப் பின்னால் கிடந்த ஏரியைப் படகில் கடந்து, பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயிலேறிப் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாள். கட்டியைக் கீறிச் சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். காலை எடுக்க வேண்டி வருமோ என்று யாரோ சொன்னது காதில் விழுந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. படகேறிக் கடலுக்குப் போகிறவனுக்குக் கால் இல்லையென்றால் என்ன பிழைப்பு?

மூன்றாம் நாள் காலை கஸ்தூரியம்மாள் சின்னதம்பியோடு வந்தாள். மருமகளிடம் முகம் கொடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவும் வந்தார்.

“சீழ்ல இருந்த கிருமிய வளர்த்துப் பார்த்தோம். அந்தக் கேப்சூலுக்கு அது சாகவே இல்ல. இருபதையும் ஒழுங்காக் குடுத்தது சரிதான்; இந்தக் கிருமிக்கு இருநூறு குடுத்தாலும் கேட்காது. முன்னாடியெல்லாம் அரைகுறையா சாப்பிட்டு நிறுத்தினதுல, சாகாம தப்பிச்ச கிருமி பெருகி, வீட்ல எல்லார்கிட்டயும் பரவியிருக்கு. நல்லவேளை, வேற ஊசி ஒண்ணுக்கு இது அடங்குது. நேத்தே போட ஆரம்பிச்சிட்டோம், ஜுரம் இறங்குது. கால் பொழச்சிடும்.”

தனக்கோடி கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டரம்மாவின் முகம் கடுத்தது.

“ஆமா, வீட்ல மருந்தைப் பங்கு போடுவாங்கன்னு சிங்காரம் சொன்னான். யாரு அப்படிப் பிரிச்சுப் பிரிச்சுக் குடுத்தது? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளே போயிருப்பான்!”

கஸ்தூரியம்மாளுக்கு முகம் வெளுத்தது. வார்டே அவர்களைப் பார்த்தது.

“நான்தாங்க...” என்றாள் தனக்கோடி. “தெரியாம செஞ்சிட்டேன்.”

“இல்லம்மா!” கஸ்தூரியம்மாள் அலறினாள். “அவ பொய் சொல்றா! அது நான்... பெத்தவ நான்தான் பங்கு போட்டு என் புள்ள காலுக்கு வினை வச்சேன்! வேணாம் வேணாம்னு இவ தலப்பாடா அடிச்சிக்கினா... கேக்கலியே!”

தலையில் அடித்துக்கொண்ட கைகளைத் தனக்கோடி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

“வுடுங்க அத்தே... தெரிஞ்சா செஞ்சீங்க? எல்லாரும் நல்லா இருக்கணும்னுதானே...”

“உன்ன வூட்ட வுட்டுப் போகச் சொன்னேனேடி! நீ போயிட்டிருந்தா என் புள்ளைக்கு யாருடி இருந்திருப்பா?”

“நான் எங்க அத்தே போனேன்? இங்கதானே கீறேன்.”

சின்னதம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் ஒரு வார்த்த பேசியிருக்கணும் தனக்கோடி... தப்புதான்” என்றான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அம்மா எதிரில் அவன் மனைவியின் பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை.

“பத்து நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊசி. வலி போயிடுச்சுன்னு பாதியில கூட்டிட்டுப் போயிடாதீங்க” என்று டாக்டரம்மா எச்சரித்தார்.

“எங்கிட்ட ஏம்மா சொல்றே?” கஸ்தூரியம்மாள் மூக்கை உறிஞ்சினாள். “என் மருமவகிட்ட சொல்லு. இனிமே எங்க வூட்ல மருந்துன்னா அவ சொல்றதுதான்!”

கட்டிலில் கிடந்த சிங்காரம் சிரித்தான். ஐந்து நாளாகச் சாப்பிடாதவன், “அண்ணி, பசிக்குது” என்றான்.

தனக்கோடி பொங்கிப் பொங்கி அழுதாள். மாமியார் அவளை இழுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.