மூன்றாம் தூதரின் முதுகு

அலாரம் வீரிட்டது.

தாட்சாயினியின் கையிலிருந்த தேநீர் மேசையில் சிந்தியது. சுவரில் மூன்றாம் அறைக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே ஏதாவது நடமாடினால் மட்டுமே எரிகிற விளக்கு அது. அந்த அறையில் இருந்தவையோ ஒரு நாற்காலியும் மூன்று மரப்பலகைகளும்தான்.

"எலியாத்தான் இருக்கும் அக்கா. பாத்திட்டு வாறன்," என்று இந்திரகுமார் எழுந்து போனார்.

அவர்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில், கண்காட்சிகளுக்கு வரும் பழம்பொருட்களைப் பிரித்துச் சீர்செய்து அனுப்பும் கிடங்கு அது. பழைய ஓவியங்களைத் துடைத்துப் பழுது பார்ப்பவள் தாட்சாயினி. பெட்டி தூக்குவதும் வேன் ஓட்டுவதும் இந்திரகுமார். வெள்ளிக்கிழமை பின்னேரம். மழைக்கு முன்னால் ரயிலைப் பிடிக்க மற்றவர்கள் ஓடிவிட்டார்கள்.

அந்த நாற்காலியும் பலகைகளும் வந்த பெட்டிகளை அன்று காலைதான் இருவரும் பிரித்திருந்தார்கள். ஒரு காலத்தில் இத்தாலியில் மொன்தாரா என்றொரு குட்டி நாடு. அதை ஆண்ட டியூக் என்ற சிற்றரசனின் அரண்மனைக்கு இங்கிலாந்து அடுத்தடுத்து மூன்று தூதர்களை அனுப்பியது. டியூக்குக்கு ஒரு பைத்தியக்கார ஆசை: தூதர் ஊரில் இல்லாத நாளிலும் தன் முன்னால் குனிந்து நிற்க வேண்டும். அதற்காக ஆளுயரப் பலகைகளை மனித உருவமாக வெட்டி, இரண்டு பக்கமும் வண்ணம் தீட்டி, தன் நாற்காலிக்கு எதிரே நிறுத்தி வைத்தான். நேரில் வருகிற தூதரும் பின்னோக்கி நடந்துதான் வெளியேற வேண்டும். டியூக்குக்கு முதுகைக் காட்டக் கூடாது.

முதல் இரண்டு பேரும் அப்படியே நடந்தார்கள். மூன்றாமவர் ஒருநாள் நிறைந்த சபையில் திரும்பி நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அவருடைய பலகையில் தெரிந்தது முதுகு. நீலக் கோட்டு, தலைமுடியைக் கட்டிய கறுப்பு நாடா. திருப்பினால் மறுபக்கமும் அதே கோட்டு, அதே நாடா. அங்கேயும் முதுகு.

"ஓவியன் முகத்தைக் கீற மறந்திட்டானோ?" என்று காலையில் இந்திரகுமார் சிரித்திருந்தார். "எங்கட ஆக்களுக்குப் புறமுதுகு காட்டினா மானம் போயிடும். இந்த மனுசன் காட்டித்தான் மானத்தைக் காப்பாத்தியிருக்கு."

"எனக்கு இவரைத்தான் பிடிச்சிருக்கு," என்றாள் தாட்சாயினி.

அலாரம் நின்றது. இந்திரகுமார் வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள்.

தகரக் கூரையில் மழை கொட்டுகிற ஓசை தலைக்கு மேலே உருண்டுகொண்டிருக்க, அவள் நீண்ட தாழ்வாரத்தில் இறங்கி நடந்தாள்; வழக்கமான வார்னிஷ் வாசனை ஒவ்வொரு அடிக்கும் குறைந்து, உருகிய மெழுகும் நனைந்த கம்பளியும் பல நாள் குளிக்காத உடம்பில் பூசிய அத்தரும் கலந்த ஒரு நெடி மூக்கில் ஏறியது. மூன்றாம் அறைக் கதவு திறந்திருந்தது.

காலையில் சுவரோரம் சாத்தி வைத்த பலகைகளில் இரண்டு இப்போது நாற்காலிக்கு எதிரே நின்றன; மூன்றாம் தூதருடையது வாசலோரம் நின்றது. முதல் தூதருக்கும் இரண்டாம் தூதருக்கும் நடுவே இந்திரகுமார், இடுப்பு வரை குனிந்தபடி.

"குமார்! என்ன செய்யிறியள்?"

"நிமிர ஏலாமக் கிடக்கு அக்கா." குரல் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. "பின்னாலதான் நடந்துகொண்டிருக்கிறன். கதவு வருகுதில்லை."

அவருடைய கால்கள் உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தன. நின்ற இடம் மாறவில்லை.

ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தாள். சில்லிட்டது. மணிக்கட்டில் பழைய ஓவியங்களில் விழுகிற மெல்லிய வெடிப்புகள். கழுத்தில் மரத்தின் வரிகள் ஓட ஆரம்பித்திருந்தன. இன்னும் கொஞ்ச நேரம். பிறகு இங்கே நான்கு பலகைகள் நிற்கும்.

நாற்காலியின் சிவப்பு வெல்வெட், யாரோ உட்கார்ந்ததுபோல் மெல்ல அமுங்கியது.

அவளுடைய பிடரியிலும் ஒரு கை விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத கை. அழுத்தியது. குனி.

அந்த அழுத்தம் அவளுக்குப் புதிதல்ல. ஊரில் போர் நடந்த காலத்தில் பள்ளிக்கூடப் பையோடு சோதனைச் சாவடிகளில் வரிசையாக நின்று, துப்பாக்கிகளுக்கு முன்னால் நிலத்தைப் பார்த்தே நடந்த பழைய பிடரிதான் அது. முழங்கால் மடங்கப் போனது. பல்லைக் கடித்தாள்.

"குனிஞ்சது காணும்!" என்று கத்தினாள். "ஒரு கதிரைக்குக் கும்பிடு போட நான் கடல் தாண்டி வரேல்ல!"

திரும்பினாள். நாற்காலிக்கு முழு முதுகையும் காட்டினாள்.

மழை நின்றதுபோல் இருந்தது.

பின்னால் வெல்வெட் உரசியது. யாரோ எழுந்தார்கள். ஒரு காலடி. இன்னொன்று.

இந்திரகுமாரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். நடந்தாள். இந்த முறை கதவு வந்தது. வாசலில் மூன்றாம் தூதரின் பலகை. தாண்டினாள். அத்தர் நெடி காதோரம். மூச்சு. அப்போது முகத்தில் குளிர்ந்த ஈரம். வண்ணம் கரைக்கும் டர்பன்டைனின் வாசனை. பஞ்சால் பழைய வண்ணத்தை அவள் துடைத்தெடுப்பதுபோல், நெற்றியிலிருந்து மோவாய் வரை. ஒரே இழுப்பு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தலை குனியவும் இல்லை.

வெளியே வந்து கதவை அறைந்து பூட்டினாள். இந்திரகுமார் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். முதுகெலும்பு சொடுக்குவிட நிமிர்ந்தார். கழுத்து வரிகள் மறைந்து வியர்வை வடிந்தது. மனிதத் தோல். மனித வியர்வை.

தாட்சாயினி அவருக்கு நேர் எதிரே வந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள். பல வருடங்களாக இவ்வளவு நிமிர்ந்து அவள் நின்றதில்லை.

"பாத்தியளா? அவ்வளவுதான் அவன்ர ராச்சியம்!" என்று சிரித்தாள். குரல் ஏனோ தலையணைக்குள் இருந்து வருவதுபோல் ஒலித்தது.

இந்திரகுமார் சிரிக்கவில்லை. அவளையே பார்த்தார். மெதுவாக அவளைச் சுற்றி நடந்து பின்பக்கம் போனார். மறுபடி முன்னால் வந்தார்.

"அக்கா, பகிடி விடாதேங்கோ... எந்தப் பக்கத்தாலை வந்து பாத்தாலும் ஏன் முதுகையே காட்டிறியள்?"