மிச்ச வெயில்

பக்கத்து வீட்டைப் பூட்டி வெகு நாளாகியும், அந்த வீட்டுக்குப் போகிற ஒயரில் கரண்ட் ஓடிக்கொண்டிருப்பதைத் தையல்காரி ஒரு நடுப்பகலில்தான் கவனித்தாள். பள்ளிச் சீருடைச் சட்டைகளுக்குக் காஜா எடுத்து முடித்து, முதுகை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தபோது, அதில் மாட்டியிருந்த மீட்டர் பெட்டியில் சிவப்பு எண்கள் எரிந்துகொண்டிருந்தன. மேல் வரிசை, மாடியிலுள்ள சோலார் பலகைகள் தருகிற கரண்ட். நடு வரிசை, வீடு எடுப்பது. கீழ் வரிசை, மிச்சத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போவது. கீழே சைபர் இருக்க வேண்டும். இல்லை.

அந்தப் பெட்டி அவள் வீட்டுக்காரரின் கைவேலை. அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். மாடியில் பலகை போட்ட நாளிலிருந்து, உச்சி வெயிலில் வருகிற கரண்டில் பாதிக்கு மேல் யாருக்கும் பயனில்லாமல் போவதை அவரால் தாங்க முடியவில்லை. மிச்சத்தை வாங்கிக்கொள்ள மின்சார ஆபீஸ் இழுத்தடித்தது. பேட்டரி வாங்கும் நிலையில் அவர்கள் இல்லை. டிப்போவிலிருந்து மதியம் போன் வந்தால், அது சாப்பிட்டாயா என்று கேட்க அல்ல, வாஷிங் மெஷின் போட்டாயா என்று கேட்கத்தான். துவைக்கத் துணி இல்லை என்றால், துவைத்ததையே இன்னொரு தடவை துவை என்பார். வெயிலைப் பார்த்தால் ஊரில் எல்லாருக்கும் வேர்க்கும், இவருக்கு வயிறு எரியும்.

பக்கத்து வீட்டுப் போஸ்ட்மாஸ்டர், ஓய்வு பெற்ற கையோடு நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தபோது, அந்த வயிற்றெரிச்சலுக்கு ஒரு வழி கிடைத்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக்குழாய்க்கு அனுப்புகிற மிஷின் ஒன்று அவர் கட்டிலோரம் நாள் முழுக்க ஓட வேண்டியிருந்தது. மெக்கானிக் மதில் மேலாக ஒரு தடித்த ஒயரை இழுத்துவிட்டார். வீடு எடுத்தது போக மிச்ச வெயில் மட்டும் அதில் போகும். மெயின் லைனிலிருந்து ஒரு பொட்டுக்கூடப் போகாது. சாயங்காலமானால் அவர்கள் தங்கள் லைனுக்கு மாற்றிக்கொள்வார்கள். போஸ்ட்மாஸ்டரின் மனைவி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்க புண்ணியத்துலதான் தம்பி பகல் பூரா மூச்சு விடறார்" என்று சொல்லும்போதெல்லாம் மெக்கானிக்குக் கூச்சமாக இருக்கும். மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்று கவலையாகவும் இருக்கும்.

பிறகு போஸ்ட்மாஸ்டர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அந்த அக்கா சாவியை இவர்களிடம் கொடுத்துவிட்டு மகளோடு போய்விட்டாள். ஒயரைச் சுருட்டவேண்டும், சுருட்டவேண்டும் என்று மெக்கானிக் சொல்லிக்கொண்டே இருந்தார்.

தையல்காரி அக்காவுக்குப் போன் போட்டாள். பிரிட்ஜை நிறுத்தாமல் போய்விட்டாளோ என்று நினைத்துத்தான் கேட்டாள். பிரிட்ஜைக் கொடுத்தாயிற்று, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் வந்தேன் என்றாள் அக்கா.

"அப்ப அந்த மிஷின்?"

"அது வாடகை மிஷினும்மா. அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கின அன்னைக்கே கடைக்காரர் வந்து எடுத்துட்டுப் போயிட்டாரே."

போனை வைத்தாள். தையல் மோட்டார் நின்றிருந்தது. தெருவில் ஆளரவம் இல்லை. ஜன்னல் வழியாகச் சுடுமணலின் வாசனையும், வெந்த தகரத்தின் வாசனையும் வந்துகொண்டிருந்தன. இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், தாழ்ந்த உறுமலாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. உறுமல், நடுவில் ஒரு டக், பிறகு யாரோ பல்லிடுக்கில் காற்றை விடுவதைப் போல நீளமாக ஒரு புஸ். மறுபடி டக். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன சத்தம். இப்போதுதான் தொடங்கியது என்று அவளால் தன்னையே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை. அது ஒருநாளும் நிற்கவில்லை. அவள்தான் கவனிக்கவில்லை.

மெக்கானிக் வீடு திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. கீழ் வரிசையில் சைபர். சுவரில் காதை வைத்துப் பார்த்தார். ஒயரை எலி கடித்திருக்கும், கரண்ட் கசிகிறது, லீவு கிடைக்கட்டும் என்றார். மூச்சுச் சத்தம் என்று அவள் சொன்னதற்கு, எலியும் மூச்சு விடத்தானே செய்யும் என்று சிரித்தார்.

மறுநாள் உச்சிப் பொழுதில் அவள் எழுந்து போய் அந்த லைனின் சுவிட்சைத் தானே கீழே தள்ளினாள்.

உறுமல் நின்றது. அப்பாடா என்றிருந்தது.

அப்புறம் சுவருக்குப் பின்னால் ஒரு தொண்டை திறந்தது. காய்ந்துபோன, நீளமான இழுப்பு. இழுத்து, எதுவும் கிடைக்காமல், மறுபடி இழுத்தது. கட்டில் உயரத்தில் சுவரை நகங்கள் சுரண்டின. முதலில் மெதுவாக. பிறகு வேகமாக. காரை உதிர்கிற சத்தம்கூடக் கேட்டது.

கை தானாகச் சுவிட்சை மேலே தள்ளியது.

டக். புஸ்.

நகங்கள் நின்றன.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் வெயில் மாடியைத் தொட்டதும் சுவருக்குப் பின்னால் அது தொடங்கும். ஒரு மேகம் வந்தால் கீழ் எண் இறங்கும், டக்குக்கும் புஸ்ஸுக்கும் நடுவே இடைவெளி நீளும், நகம் ஒருமுறை சுவரைத் தொட்டுப் பார்க்கும். அவள் தையல் மோட்டாரை நிறுத்துவாள். போதாவிட்டால் பேனை நிறுத்துவாள். அதுவும் போதாவிட்டால் பிரிட்ஜ். வானத்தைப் பார்ப்பதும் பெட்டியைப் பார்ப்பதுமாக, வாசலுக்கும் அறைக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்துபோயிற்று. சாயங்காலம்தான் சகிக்க முடியாதது. வெயில் மஞ்சளாகும்போது இழுப்பு தொடங்கிவிடும். எதை நிறுத்தியும் பயனில்லை. தினமும் ஒரு மனிதர் மூச்சு கிடைக்காமல் அடங்குவதை, ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு, சமையலறையில் காதைப் பொத்தியபடி அவள் கேட்டாள். மெக்கானிக் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

பால் கெட்டது. சீருடைகள் தைக்காமல் குவிந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

மேகமூட்டமான ஒரு நாள், மெக்கானிக் சொல்லாமல் கொள்ளாமல் மதியமே வந்துவிட்டார். வீட்டில் ஒன்றும் ஓடவில்லை. மூடிய அறையில், நனைந்த துணியாக, பெட்டிக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். பேன் சுவிட்சுக்கு அவர் கை போனதும் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போடாதீங்க. அவருக்குப் பத்தாது."

"எவருக்கு?"

அவள் சுவரைக் காட்டினாள். சுவரில் நகம் உரசியது. அவர் முகம் மாறியதைப் பார்த்தாள். ஆனால் அவர் மெக்கானிக். சத்தம் என்றால் அதற்கு ஒரு பாகம் இருக்க வேண்டும், அதைக் கழற்றிவிட்டால் சத்தம் போக வேண்டும். சாவியையும் கட்டரையும் எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று வாசல்வரை கெஞ்சிக்கொண்டே போனாள்.

"பூட்டின வீட்டுல யாரும்மா இருக்கப்போறா? ஒயரை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, மதிலைச் சுற்றிப் போனார்.

பூட்டு திறக்கிற சத்தம். கதவு தரையில் இழுபடுகிற சத்தம். காலடி, அறைக்குள். உறுமல் ஓடிக்கொண்டேயிருந்தது. டக். புஸ். டக்.

நின்றது.

இழுப்பு இல்லை. நகம் இல்லை. மதில் மேல் கிடந்த ஒயர் சரசரவென்று இந்தப் பக்கம் வந்து விழுந்தது.

அவர் திரும்பி வந்து ஒயரைச் சுருட்டி மூலையில் போட்டார். உள்ளே ஒன்றுமே இல்லை, கட்டில்கூட இல்லை, வெறும் அறை என்றார். சுவரில் மட்டும் காரை பெயர்ந்து கிடக்கிறதாம். தண்ணீர் கேட்டார். தொண்டையில் என்னவோ நிற்கிறது, அந்த அறையின் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் படுக்கிறேன் என்று கூடத்துக் கட்டிலில் சாய்ந்தார்.

வெளியே மேகம் கலைந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் பேனைப் போட்டாள், பிரிட்ஜைப் போட்டாள், மோட்டாரை மிதித்துச் சட்டைக் கை ஒன்றைத் தைத்தாள். ஊசி ஓடுகிற சத்தம் காதுக்கு இதமாக இருந்தது. தையலின் முடிவில் நூலை வெட்டக் காலை எடுத்தாள்.

டக்.

சுவருக்குப் பின்னால் இல்லை.

புஸ்.

பெட்டியைப் பார்த்தாள். ஒயர் மூலையில் சுருண்டு கிடந்தது. கீழ் வரிசையில் எண் இருந்தது.

கூடத்துக்கு வந்தாள். அவர் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. மார்பு அசையவில்லை. எங்கிருந்தோ டக் என்றது, புஸ் என்றது, அப்போதுதான் அவர் மார்பு ஏறியது. இறங்கியது. கிடந்தது. அடுத்த டக் வரை கிடந்தது. வாயைத் திறந்து என்னவோ சொல்லப் பார்த்தார். சொல்லுகிற அளவுக்குக் காற்று இல்லை. கண் மட்டும் மேலே ஓடுகிற பேனைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது.

பேனை நிறுத்தினாள். பிரிட்ஜை நிறுத்தினாள். வீட்டில் எரிந்த ஒவ்வொரு சின்ன விளக்கையும் பிடுங்கினாள். டாக்டருக்குப் போன் போட்டு, வாருங்கள், வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். ஆம்புலன்ஸில் ஏற்றினால் இந்த வெயிலை எப்படிக் கூடவே கொண்டுபோவது என்று தெரியவில்லை. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

பலகைகளின் மேல் தூசி. துடைத்தாள். சூடு உள்ளங்கையைப் பொசுக்கியது. துடைத்தாள். கீழிருந்து சத்தம் வந்தது. டக். புஸ்.

டாக்டர் இன்னும் வரவில்லை. வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

எதிர் மாடியின் நிழல் முதல் பலகையின் விளிம்பில் ஏறியது. அவள் அதைத் துடைத்தாள். நிழல் போகவில்லை. கையால் துடைத்தாள். முழங்கையால் துடைத்தாள். நிழல் முதல் பலகையைத் தாண்டி இரண்டாவதில் ஏறியது.

டக்.

காத்திருந்தாள்.

கீழே, கூடத்துச் சுவரில், நகங்கள் சுரண்டத் தொடங்கின.